கதவு எண் இல்லாத வாசகர்



சட்டத்தைப் பற்றிய கருத்தரங்குகள் உயர்நீதிமன்றம் இருக்கும் நகரங்களிலேயே கூடுவது வழக்கமாகிவிட்ட காலத்தில், தறியோசையைக் கேட்டே பொழுது விடியும் ஆரணிச் சீமையைச் சேர்ந்த பெரணமல்லூரில், வீடற்ற வாசகருக்குப் பொது நூலகம் ஆற்றவேண்டிய கடமை எது, அக்கடமைக்குச் சட்டம் வகுக்கும் எல்லை எது என்னும் விஷயத்தை ஆராய நம்மை அழைத்த அன்பர்களின் துணிவை நான் முதலில் பாராட்டுகிறேன். தலைமைப் பீடத்தில் என்னை அமர்த்தியது அவர்களுடைய அன்பு. அவ்வன்புக்கு என் நன்றி உரியது.

பட்டணத்து நடைபாதையில் அல்லவா வீடற்றவர் இருக்கிறார், பேரூரில் அப்படி யார் இருக்கிறார் என்று சிலர் ஐயுறலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு, சாலையோரங்களிலும் பாலங்களின் அடியிலும் ரயில் நிலைய மேடைகளிலும் கோயில் மண்டபங்களிலும் படுத்திருந்தோரை எண்ணியபோது, இந்தியா முழுவதிலும் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர் கிடைத்தனர். அந்த ஓர் இரவில் உறவினர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கியவர்களும், செங்கற் சூளைக் கொட்டகையில் படுத்தவர்களும் எவ்வளவு பேர் கணக்கில் விழுந்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கவேண்டியது. நம்முடைய திருவண்ணாமலை மாவட்டத்திலோ, பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் சாதுக்களும், பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியோரும், சித்தம் கலங்கியோரும் ஆண்டு முழுவதும் திறந்த வெளியில் வாழ்கிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு சூளைக்கும் மரம் வெட்டும் வேலைக்கும் போகும் இருளர் குடும்பங்கள், 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தால் மீட்கப்பட்ட பின்னும், ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டு, அது நிலைக்குமா என்ற கவலையோடு காலம் தள்ளுவதை நாம் அறிவோம்.

தறிக்காரர் நிலையையும் இங்கே சொல்லியாகவேண்டும். கூலிக்குப் பட்டு நெய்பவருக்கு வீடுதான் தொழிற்கூடம். தறிக்குழி தோண்ட இசையும் வீட்டுக்காரர் கிடைத்தால்தான் அவருக்குக் குடியிருப்பும் உண்டு, பிழைப்பும் உண்டு. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அடையாமல், வாடகை நின்று, வீட்டைக் காலிசெய்யும் நாள் வந்துவிட்டால், பாவும் ஊடையும் திரும்பிப்போய்விட, அவர் ஒரே நாளில் தொழிலையும் முகவரியையும் இழந்தவராகிறார். அடுத்த ஊரில் அடுத்த வீடு கிடைக்கும்வரை அவர் வீடற்றவரா அல்லரா என்பதைச் சட்டப் புத்தகம் ஒருபடியாகவும் வாழ்க்கை வேறுபடியாகவும் சொல்லும்.

இப்படிப்பட்டவரையும் கல்விக் கோயிலையும் நம் இலக்கியம் வெகுகாலத்துக்கு முன்பே ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறது. மணிமேகலையில் ஆபுத்திரன், பிறப்பைக் காரணமாக்கித் தன்னை ஒதுக்கிய ஊரை விட்டு மதுரைக்கு வந்து, கலைகளுக்குத் தெய்வமாகிய சிந்தாதேவியின் கோயில் முன்றிலில் தங்கி, பிச்சையேற்ற உணவைக் குருடருக்கும் செவிடருக்கும் முடவருக்கும் காப்பாரற்றோருக்கும் முதலில் அளித்து, மிஞ்சியதைத் தான் உண்டு, அந்தப் பிச்சை ஓட்டையே தலைக்கு அணையாக வைத்து உறங்கினான் என்று சாத்தனார் பாடுகிறார். மழை பெய்த ஒரு நள்ளிரவில் பசித்து வந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்கமுடியாமல் அவன் வருந்தியபோது அமுதசுரபியைக் கொடுத்தவள் அக்கலைத் தெய்வமே. இது காவியம், சட்டம் ஆகாது. ஆயினும் படிப்புக்குரிய இடத்தில் படுக்கை இல்லாதவனுக்கு என்ன வேலை என்று கேட்பது தமிழ்ப் பண்பு என எவரேனும் வாதித்தால், அவருக்கு இதை நினைவூட்டலாம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம், டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதனின் நெடுநாள் முயற்சியின் பயனாகவும், அன்று கல்வி மந்திரியாயிருந்த தி. சு. அவிநாசிலிங்கம் அவர்களின் ஆதரவினாலும், 1948-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறி, 1950 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுவை அமைத்து, அதன் செலவுக்குச் சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி தண்ட வழிசெய்த அச்சட்டப்படி, இன்று சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்குச் சேர்கிறது. வீட்டின்மேல் விழும் வரியால் வளர்வது நூலகம். ஆகவே வீடுடையோருக்கே அதில் முதலுரிமை என்று ஒரு வாதம் அரைகுறையாகப் பலர் மனத்தில் உண்டு. வாய்விட்டுச் சொல்லாவிடினும் நடத்தையில் தெரியும்.

இவ்வாதம் சட்டத்தில் நிற்காது. வரி வேறு, கட்டணம் வேறு. கட்டணத்துக்குக் கைம்மாறாக ஒரு குறிப்பிட்ட சேவை உண்டு, வரிக்கு அப்படி ஒரு கைம்மாறு இல்லை என்பதை, நம் சென்னை ராஜ்யத்திலிருந்தே போன சிரூர் மட வழக்கில் உச்சநீதிமன்றம் 1954-இல் விளக்கிவிட்டது. சாலைக்கு வரி செலுத்தாதவன் சாலையில் நடக்கக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை. வாடகைக்குக் குடியிருப்பவரும் வரி ரசீதில் பெயர் இல்லாதவர்தாம். அவரை நாம் வாசகர் அல்லர் என்றோமா?

சிக்கல் கடன் கொடுக்கும் இடத்தில் பிறக்கிறது. உள்ளே உட்கார்ந்து படிப்பதற்கு நம் கிளை நூலகங்கள் எதுவும் கேட்பதில்லை. வீட்டுக்கு எடுத்துப்போகவேண்டுமானால் காப்புத்தொகையும் முகவரிச் சான்றும் வேண்டும். புத்தகம் திரும்பி வரவேண்டும் என்பது நியாயமான கவலை; பொதுச் சொத்தைக் காக்கும் பொறுப்பு நூலகருடையது; தொலைந்த நூலின் விலையைத் தணிக்கைக்காரர் யாரிடம் கேட்பார் என்பதையும் நான் அறியாதவன் அல்லேன். ஆனால் சட்டத்தின் தேவை இன்னார் இவர் என்று அறிவதும், நூலுக்கு ஒரு பாதுகாப்பும் ஆகிய இவ்விரண்டே. கதவு எண் இவ்விரண்டுக்கும் ஒரு சாதனம். அதுவே ஒரே சாதனம் என்று பிடிவாதம் செய்யும்போது, நிர்வாகச் சௌகரியம் உரிமைத் தடையாக மாறிவிடுகிறது.

அரசின் மற்றத் துறைகள் இப்பிடிவாதத்தை எப்போதோ விட்டுவிட்டன என்பதை இக்கருத்தரங்கு முக்கியமாகக் கவனிக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வீடற்றவர் விண்ணப்பித்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர், படிவத்தில் அவர் குறித்த இடத்துக்கு இரவில் சென்று, அவர் உண்மையில் அங்கேதான் உறங்குகிறாரா என்று கண்ணால் கண்டு உறுதிசெய்தால் போதும். வசிப்பிடத்துக்கு வேறு ஆவணம் வேண்டியதில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் பள்ளியில் சேர்க்க மறுக்கக்கூடாது என்கிறது. 2016-ஆம் ஆண்டின் ஆதார்ச் சட்டமோ, நாடோடிப் பழங்குடியினருக்கும் நிலையான குடியிருப்பு இல்லாதோருக்கும் அடையாள எண் வழங்கத் தனி ஏற்பாடு செய்யவேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. ஒரு மரத்தடியைக் காட்டி இந்நாட்டின் ஆட்சியைத் தீர்மானிக்க உரிமை பெற்ற பிரஜை, அதே மரத்தடியைக் காட்டி ஐம்பது ரூபாய்ப் புத்தகத்தைப் பதினைந்து நாள் வைத்திருக்க உரிமை பெறாமற்போவது, நகைப்புக்குரிய நிலை என்றே சொல்லவேண்டும்.

கடன் மறுப்பதைவிடக் கடுமையானது வெளியேற்றம். இது நமக்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தின் சில பொது நூலகங்கள், வேலையற்றுத் திரிவோர் குதிரைப் பந்தயச் செய்திக்காகப் படிப்பறையை அடைத்துக்கொள்கிறார்கள் என்று கருதி, பத்திரிகைகளில் அப்பகுதியின்மேல் கறுப்பு மை பூசி வைத்தன. அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி ராஜ்யத்து மாரிஸ்டவுன் நூலகம் 1989-இல் இயற்றிய ஒழுங்கு விதிகளை வீடற்ற ஒருவர் எதிர்த்தார். கீழ் நீதிமன்றம் 1991-இல் விதிகளைச் செல்லாதென்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992-இல் அத்தீர்ப்பை மாற்றி, விதிகள் செல்லும் என்றது. பலர் இதை நூலகத்தின் வெற்றி என்று மட்டும் படிக்கிறார்கள். அதே தீர்ப்பு, செய்தியும் அறிவும் பெறும் உரிமை குடிமகனுடையது, அவ்வுரிமையில் பொது நூலகத்தைப் பயன்படுத்துவதும் அடங்கும் என்று ஒப்புக்கொண்ட பின்னரே, பிற வாசகருக்கு உண்மையில் இடையூறாகும் செயலைத் தடுக்க நூலகத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. 2001-இல் வாஷிங்டன் நகர நூலகத்தைப் பற்றிய வழக்கில், குளிருக்காகப் பல உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து வந்தவரை வாயிலிலேயே திருப்பியனுப்பக் காரணமாயிருந்த, ‘தோற்றம் ஒவ்வாதது’ என்னும் விதி, அளவுகோல் இல்லாதது என்று தள்ளப்பட்டது. கொலம்பஸ் நகரில் வெறுங்காலோடு வந்த வாசகரை வெளியேற்றியது சரி என்று 2003-இல் மற்றொரு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. செருப்பை வாயிலில் கழற்றிவிட்டு நூலகத்துள் புகும் நம் ஊர்க்காரர் அங்கே போனால் என்ன ஆவாரோ! ஒழுங்கு என்பது எவ்வளவு தூரம் தேசாசாரம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

மாரிஸ்டவுன் மேல்முறையீட்டுத் தீர்ப்பு சரியானது என்பதே என் அபிப்பிராயம். செய்கையை ஒழுங்குபடுத்தலாம், ஆளை ஒழுங்குபடுத்தலாகாது. சகிக்கமுடியாத துர்நாற்றம், கூச்சல், பெண் வாசகரைத் தொடர்ந்து சென்று தொல்லை கொடுத்தல் ஆகியவற்றைத் தடுக்கும் விதி எல்லோருக்கும் நல்லது. ஒற்றை ஆளாய்க் கிளை நூலகத்தைக் காக்கும் நூலகருக்கு அது துணை. ஆனால் அவ்விதி எல்லோர்மேலும் ஒன்றுபோல் பாயவேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் மேஜைமேல் தலைவைத்துத் தூங்கினால் அதை உழைப்பின் களைப்பு என்கிறோம். அழுக்கு வேட்டிக்காரர் தூங்கினால் ஒழுங்கீனம் என்று தட்டி எழுப்புகிறோம். அரசியல் சட்டத்தின் 14-ஆம் பிரிவு தடுப்பது இந்த ஓரவஞ்சனையைத்தான்.

15-ஆம் பிரிவு, அரசுப் பணத்தால் நடக்கும் பொது இடங்களில் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாகத் தடை கூடாதென்கிறது. வறுமையும் வீடின்மையும் அப்பட்டியலில் இல்லை என்பதை வழக்கறிஞர்கள் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் தோற்றத்தைக் காரணமாகக் காட்டித் தடுக்கப்படுபவர் யார் என்று பார்த்தால், பல வேளைகளில் அந்தத் தோற்றத்துக்குப் பின்னே சாதி நிற்கும். அங்கே 17-ஆம் பிரிவும் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வரும். பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடங்கியது என்று பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் சொல்லப்பட்டது. நடைமுறை நியாயமாயிருக்கவேண்டும் என்று அதற்கும் முன்னரே, 1978-இல், மேனகா காந்தி வழக்கில் சொல்லப்பட்டது. காவலாளி கையசைத்து ஒருவரை வெளியே போகச் சொல்வதில் காரணமும் இல்லை, கால அளவும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. அரசு அதிகாரத்தின் மிகச் சிறிய வடிவம் அது; ஆகையால் யாரும் கணக்குக் கேட்காத வடிவமும் அதுவே.

போலீஸாரை அழைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கண்காணக்கூடிய பிழைப்பு இல்லாதவனிடம் ஜாமீன் கேட்கும் அதிகாரம் 1898-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் இருந்தது. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் அதை விட்டுவிட்டது. பிச்சையெடுத்தலைக் குற்றமாக்கிய பம்பாய்ச் சட்டத்தின் பிரிவுகளை, டில்லியைப் பொறுத்தமட்டில், 2018-இல் டில்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. நம் 1945-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தை எப்படிப் படித்தாலும், நாளிதழ் படித்துக்கொண்டிருப்பவர் பிச்சையெடுப்பவர் ஆகமாட்டார். சித்தம் கலங்கித் திரிபவரைக் கண்டால், 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்துச் சிகிச்சைக்கு வழிசெய்வது போலீஸ் நிலைய அதிகாரியின் கடமை. நூலகர் அனுப்பும் செய்தி அந்த உத்தேசத்தோடு போகட்டும். துணையற்ற அனாதைக் குழந்தையோ வழிதவறிய குழந்தையோ படிப்பறையில் இருந்தால், 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டியது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி கட்டாயம். ஆயினும் பெற்றோரோடு சாலையோரம் வாழும் குழந்தை அனாதை அன்று. அதைப் புத்தகத்திலிருந்து பிரித்து இல்லத்துக்கு அனுப்புவது சட்டத்தின் கருத்தும் அன்று.

மற்றொன்று சிறியதாகத் தோன்றும். பையை வாயிலில் வைத்துவிட்டு வரச் சொல்கிறோம். நமக்கு அது பை. வீடற்றவருக்கு அதுதான் வீடு. வாங்கி வைத்தவுடன் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி நூலகம் ஒப்படைப்புப் பெற்றவராகிறது. சாதாரண விவேகம் உள்ளவர் தம் பொருளைக் காப்பதுபோல் அதைக் காக்கவேண்டும். பூட்டும் சீட்டும் இல்லாத இடத்தில் பையைக் கேட்பதற்கு நமக்கு முகமும் இல்லை, சட்ட பலமும் இல்லை.

நகரங்களில் லட்சம் பேருக்கு ஓர் இரவுத் தங்குமிடம் என்பது அளவு. லட்சத்தை எட்டாத பேரூர்களுக்கு அந்த அளவு ஒன்றும் தருவதில்லை. அங்கே பகலில் கூரையும் மின்விசிறியும் உள்ள, எவரும் நுழையக்கூடிய பொதுக் கட்டடம் பெரும்பாலும் நூலகமே. அதை விடுதியாக்குங்கள் என்று நான் சொல்லவரவில்லை. மன்னார்குடிப் பக்கத்தில் 1931-இல் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி வாசகர் இருக்குமிடம் தேடிச் சென்ற நாடு, நடந்து வரும் வாசகரைச் சான்றிதழ் கேட்டு நிறுத்தவேண்டாம் என்றே சொல்கிறேன்.

ஆகவே இவ்விரண்டு நாள் ஆராய்ச்சியின் முடிவில், வெறும் தீர்மானங்களோடு கலையாமல், மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்பத்தக்க ஒரு மாதிரி விதித்தொகுப்பை நீங்கள் எழுதித்தரவேண்டும். முகவரிக்குப் பதிலாக அடையாளமும், அறிந்தவர் ஒருவரின் கையொப்பமும் போதும் என்பது அதில் இருக்கட்டும். காப்புத்தொகை கொடுக்க இயலாதவருக்கு ஒரு நேரத்தில் ஒரு நூல் என்பது இருக்கட்டும். வெளியேற்றுவதற்குமுன் எச்சரிக்கையும், எழுத்தில் காரணமும், மாவட்ட நூலக அலுவலரிடம் முறையிடும் வழியும் இருக்கட்டும். திரும்பாத நூல்களின் இழப்பை நூலகர் சம்பளத்திலிருந்து பிடிக்கக்கூடாது என்ற விதியையும் மறவாமல் சேருங்கள். அது இல்லாமல் மற்றவை காகிதத்தோடு நின்றுவிடும். இவ்வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.