நிலைக்கும் நிரல்மொழி யாது?

(விருத்தாசலத்தில் நடைபெற்ற நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



"எந்த நிரல்மொழியைக் கற்றால் எம் பிள்ளைக்கு எதிர்காலம் உண்டு?" என்று பெற்றோர் பலர் எம்மை வினவுகின்றனர். தமிழாசிரியராகிய யாம் இதனைப் பேசப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. எம் தமக்கையின் மகனைப் புதிது புதிதாக வருவனவற்றையெல்லாம் கற்குமாறு ஏவியவர் யாமே. ஈராண்டில் அவன் ஐந்து மொழிகளின் பெயரைக் கற்றான். தமக்கையின் வளையல்கள் அடகுக்குப் போயின. வேலைத் தேர்வில், எண்களை ஏறுமுகமாக அடுக்கும் நிரலொன்றை எழுதப் பணித்தபோது, ஒரு மொழியிலும் அவனுக்கு அஃது இயலவில்லை. குற்றம் அவனதன்று, எமதே.

மொழியின் ஆயுளை முன்னறிந்து கூறுதல் அரிது. 1959-இல் வகுக்கப்பெற்ற கோபோல் மாண்டதென்றே பலரும் எண்ணியிருந்தனர். 2020-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில ஆளுநர் அதனை அறிந்தாரைத் தேடி அழைத்தார். பைத்தான் 1991-இல் வெளிவந்து இன்று செழித்து நிற்கிறது. ஆயினும் அதன் இரண்டாம் பதிப்பு 2020-இல் பராமரிப்பு நீங்கப்பெற்றது.

நம்மூர்ப் பீங்கான் பட்டறைகளை நோக்குங்கள். பிளாஸ்டர் அச்சு பன்முறை வார்த்தபின் தேய்கிறது. வேறு அச்சு வருகிறது. மண்ணின் பதமும் சூளையின் வெப்பமும் அறிந்தவனுடைய தொழிலோ தேய்வதில்லை. நிரல்மொழி அச்சுப் போன்றது. மதிப்பை இருத்தும் மாறி, 'இஃதாயின் இது செய்க' என்னும் நிபந்தனை, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்விக்கும் மடக்கு ஆகிய இவையே மண்ணும் நெருப்புமாம். இவற்றை ஒரு மொழியில் ஐயமறக் கற்றவனுக்கு அடுத்த மொழி சில திங்களில் கைவரும்.

ஆகலின், பைத்தானில் தொடங்குக என்பதே எம் கருத்து. அது விலையின்றிக் கிடைப்பது, எழுதுதற்கு எளியது, 2019-இல் வெளிவந்த நம் மாநிலப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலிலும் இடம்பெற்றது. ஓராண்டு அதிலேயே நிற்க. அதன்பின், 2018-இல் பதினொன்றாம் வகுப்பு நூலில் வந்த சி பிளஸ் பிளஸைக் கற்பின், கணினியின் நினைவகம் இயங்குமாறும் விளங்கும். செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதித் தருகிறதே எனின், அதன் பிழையைக் காண்பதற்கும் இவ்வறிவே வேண்டும்.

நம் சங்கத்தின் கல்விநிதிக்கு ஒரு விண்ணப்பம். சான்றிதழ்களை எண்ணி உதவாதீர்கள். ஒரு சூளையில் சுட்டன எத்தனை, உடைந்தன எத்தனை என்னும் கணக்கையாவது தாமே நிரலாக்கிக் காட்டும் ஆண் பெண் மாணாக்கர்க்கு உதவுங்கள். எம் மருகன் ஒரே மொழியில் மீண்டும் தொடங்கியுள்ளான். வளையல்கள் இன்னும் மீளவில்லை. அவற்றை மீட்டல் எம் கடன்.