மார்லோவைக் கொன்றவன் யார்?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாடகம் இல்லாமல் நம் ஆண்டு விழா நிறைவு பெறுவதில்லை. ஆகவே நாடக உலகைச் சார்ந்த ஒரு மர்மத்தையே இன்று பேசுபொருளாக எடுத்துக்கொண்டேன். நான் பெரும் புலவனல்லன். மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வேயில் பேரேடுகளுடன் காலங்கழிக்கும் குமாஸ்தா. இது ஒரு கொலையின் கதையாயினும், பேரேடுகளின் பெருமையைப் பேசும் கதையுமாகும்.

ஷேக்ஸ்பியர் தோன்றிய அதே 1564ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் காண்டர்பரி நகரில், காலணி தைக்கும் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் கிறிஸ்டபர் மார்லோ. கேம்பிரிட்ஜில் பயின்று, லண்டன் நாடக மேடைக்கு வந்து, 'டாக்டர் பாஸ்டஸ்' முதலிய நாடகங்களால் பெரும்புகழ் எய்தினார். 1593ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள டெப்ட்போர்டு என்னும் ஊரில் கத்திக் குத்துக்கு இரையானார். அப்பொழுது அவருக்கு வயது 29.

கொன்றவன் யார்? எதற்காகக் கொன்றான்? ஆளுக்கொரு கதை பிறந்தது. மார்லோ நாத்திகர் என்று பேரெடுத்தவர். ஆதலால், இஃது ஆண்டவன் அளித்த தண்டனை என்று 1597இல் தாமஸ் பியர்டு என்பவர் எழுதினார். கொலை லண்டன் தெருவில் நிகழ்ந்ததாகவும் எழுதிவிட்டார். மறு ஆண்டில் இன்னொருவர், காதற் போட்டியில் ஒரு பணியாள் குத்தினான் என்றார். 1600இல் வில்லியம் வாகன் என்பவர், குத்தியவன் பெயர் இங்கிராம் என்று குறித்தார். டெப்ட்போர்டுக் கோயிலின் அடக்கப் பதிவேட்டில், 'பிரான்சிஸ் பிரைசர்' என்பவனால் கொல்லப்பட்டார் என்றிருந்தது. பழைய கையெழுத்தைப் படித்தவர்கள் பிரைசரை 'ஆர்ச்சர்' என்று பிறழப் படித்தனர். இல்லாத ஆர்ச்சர் என்ற ஒருவன் மீது நெடுங்காலம் பழி நிலைத்தது.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், கனடாவிற் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்துவந்த லெஸ்லி ஹாட்ஸன் என்ற இளம் ஆய்வாளர் லண்டன் பொது ஆவணக் காப்பகத்திற்கு வந்தார். வேறொரு பொருளைத் தேடிப் பழைய அட்டவணையைப் புரட்டியபோது, 'இங்கிராம் பிரைசர்' என்ற பெயர் அவர் கண்ணிற் பட்டது. வாகன் சொன்ன இங்கிராமும், பதிவேட்டிலிருந்த பிரைசரும் ஓருருவாகி எதிரே நின்றதுபோல் அவருக்குத் தோன்றிற்று. பிறர் அப்பெயரைக் கடந்து சென்றிருப்பர். விடை தேடிய மனம் உடையவர் நின்றார்.

அதன்பின் அவர் நடந்த வழிதான் என் போன்ற குமாஸ்தாக்களை மகிழ்விப்பது. கொலை வழக்குக் கட்டுகளைத் தேடினார், கிடைக்கவில்லை. உடனே வேறு விதமாக எண்ணினார்: தற்காப்புக்காகக் கொன்றவனாயின் அவன் அரசியிடம் மன்னிப்புப் பெற்றிருப்பான், மன்னிப்பு வழங்கப்பட்டிருந்தால் அதன் படி ஆணைச் சுருள்களில் இருக்கும். இருந்தது! 1593 ஜூன் 28 என்று நாளிட்ட மன்னிப்பு அது. மன்னிப்பு வழங்கு முன்னர் விசாரணை அறிக்கையைச் சான்சரி அலுவலகம் வரவழைத்திருக்க வேண்டுமல்லவா? அவ்வலுவலகத்தின் பல்வகைக் கட்டுகளைத் தேடினார். மரண விசாரணை அறிக்கையே அங்கிருந்தது! காகிதம் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குச் செல்லும் என்பதை உணர்ந்தவனுக்கே காகிதம் அகப்படும்.

இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட அவ்வறிக்கையை ஹாட்ஸன் 1925இல் நூலாக வெளியிட்டார். எலினார் புல் என்ற விதவையின் இல்லத்தில் மார்லோவும் பிரைசர், ஸ்கீரிஸ், போலி என்ற மூவரும் காலை சுமார் பத்து மணிக்குக் கூடினர், உண்டனர், மாலை ஆறு மணிவரை தோட்டத்தில் உலவினர், இரவுணவு கொண்டனர். அதன்பின் உணவுக் கணக்கைத் தீர்ப்பதில் பூசல் மூண்டது. மார்லோ பிரைசரின் கத்தியைப் பறித்து அவன் தலையிற் காயப்படுத்த, பிரைசர் போராடியதில் அக்கத்தியே மார்லோவின் வலக் கண்ணுக்கு மேலே இரண்டு அங்குல ஆழம் பாய்ந்தது. கத்தியின் விலை 12 பென்ஸ் என்பதையும் எழுதியவர் விடவில்லை! 16 ஜூரர்கள் தற்காப்பு என்று தீர்ப்பளித்தனர்.

இத்துடன் மர்மம் தீர்ந்ததோ? இல்லை. சாட்சிகளான ஸ்கீரிஸ், போலி இருவரும் யார்? போலி அரசாங்க ஒற்றன். ஸ்கீரிஸ் பிரைசருடன் சேர்ந்து பண மோசடியில் ஈடுபட்டவன். மார்லோவோ பத்து நாள்களுக்கு முன்னர்தான் பிரிவி கவுன்சிலின் முன் ஆஜராகி, நாள்தோறும் வந்து நிற்குமாறு ஆணையும் பெற்றிருந்தார். உணவுக் கணக்குத்தான் காரணமா, அதன்பின் வேறு கணக்கு உண்டா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். ஏடு 'யார்' என்பதற்கு விடை தந்தது. 'ஏன்' என்பதற்குச் சாட்சிகள் சொன்னதை மட்டுமே தந்தது. ஏட்டைப் போற்றுக, ஏட்டில் பேசுகின்றவன் யார் என்றும் வினவுக. இதுவே நான் கற்ற பாடம்.

அன்பர்களே! மார்லோ மாபெரும் கவிஞர். எனினும், அவர் மரணத்தின் மீது படிந்திருந்த புனைகதைகளைத் துடைக்கப் பெயர் தெரியாத ஓர் எழுத்தன் கட்டி வைத்த காகிதமே வேண்டியிருந்தது. நாம் மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டி கட்டிப் புறப்படுகின்றவர்கள். இன்று இம்மேடையில் இராஜபார்ட் வேடம் கட்டியவர் அடுத்த விழாவின்போது எந்த ஊரிலோ! அவரோடு அவர் நினைவும் போய்விடலாமா? நம் சங்கத்து நாடகங்களை எழுதியவர், நடித்தவர், ஆர்மோனியம் வாசித்தவர், திரை இழுத்தவர் யாவருடைய பெயரையும், தலைப்பெழுத்துடன், பிழையறச் சங்கக் குறிப்பேட்டில் எழுதி வைக்கச் செயலாளர் அவர்களை வேண்டுகிறேன். நம் பேரப்பிள்ளை ஒருவன் ஒருநாள் அவ்வேட்டைப் புரட்டும்போது, பிரைசரை ஆர்ச்சராகப் படிக்கும் இடர் அவனுக்கு நேராதிருக்கட்டும்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!