மூன்றாம் தரம் கூப்பிட்டால்

வாசகர் வட்டத்துத் தோழர்களே, துண்டறிக்கையில் 'பேய்' என்ற சொல்லைப் பார்த்த பிறகும் துணிந்து வந்திருக்கும் பெரியவர்களே, அந்தச் சொல்லுக்காகவே முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளே!

எங்கள் அப்பத்தா ஒரு சட்டம் வைத்திருந்தது. ராத்திரி வாசலில் நின்று யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே 'என்ன' என்று கேட்கக் கூடாது. முதல் தரம் கூப்பிட்டால் பேசாமல் இரு. இரண்டாம் தரம் கூப்பிட்டாலும் மூச்சு விடாதே. மூன்றாம் தரமும் கூப்பிட்டால் வந்திருப்பது மனுஷன், போய்க் கதவைத் திற. பேய்க்கு மூன்றாம் தரம் கூப்பிடத் தெரியாது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நாலு மைல் நடந்து வந்த எங்கள் அப்பாவே, சொந்த வீட்டு வாசலில் மூன்று தரம் கூப்பிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார்.

இன்றைக்கு நானும் உங்களை மூன்று தரம் கூப்பிடப் போகிறேன். முதல் இரண்டுக்கும் நீங்கள் வாய் திறக்க வேண்டாம். அப்பத்தா சட்டம் அப்படி.

நம் வாசகர் வட்டம் பேய்க்கதைகளுக்கு என்று ஒரு சிறு பதிப்பு முயற்சி தொடங்கப்போகிறது. வருஷத்துக்கு நான்கு புத்தகம். அவற்றை அச்சிட ஒரு சந்தாத் திட்டம். செய்தியைக் கேட்ட நண்பர் ஒருவர், "ஊரில் நல்ல புத்தகத்துக்கே ஆள் இல்லை, பேய்க்கா ஆள் வரும்?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல உங்களை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குக் கூட்டிப் போகிறேன். சாக் சிட்டி என்று பேர். பேரில்தான் சிட்டி, ஆளுக்கு ஆள் முகம் தெரிந்த சின்ன ஊர்.

அந்த ஊர்க்காரர் ஆகஸ்ட் டெர்லெத். 1909இல் பிறந்தவர், பிள்ளைப் பருவத்திலிருந்தே எழுத்துப் பைத்தியம். அவர் கடிதம் எழுதிக் கற்றுக்கொண்ட ஆசான் ஒருவர் கிழக்கே பிராவிடன்ஸ் நகரத்தில் இருந்தார். எச். பி. லவ்கிராஃப்ட். இருவரும் வருஷக்கணக்காகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள், ஒரு தடவைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை. நம் ஊரில் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

லவ்கிராஃப்ட் எழுதியதில் பெரும்பகுதி 'வியர்ட் டேல்ஸ்' போன்ற மலிவுத்தாள் பத்திரிகைகளில் வந்தது. இன்றைக்குக் கதை, நாளைக்குப் பொட்டலம். அவர் உயிரோடு இருந்தபோது புத்தகம் என்று வந்தது ஒன்றே ஒன்று, 1936இல். 400 பிரதி அச்சடித்தார்கள். அதில் சுமார் 200தான் கட்டடம் ஆயிற்று. உள்ளே அச்சுப்பிழை மலிந்து கிடந்தது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் அவர் புற்றுநோயில் இறந்தார். வயது 46. தன் எழுத்து தன்னோடு போய்விடும் என்று அந்த மனிதர் நினைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

டெர்லெத்துக்கு மனசு கேட்கவில்லை. டொனால்ட் வாண்ட்ரே என்ற நண்பரோடு சேர்ந்து கதைகளைத் தொகுத்தார். பெரிய பதிப்பகங்களிடம் கொண்டுபோனார். இத்தனை பெரிய புத்தகம், அதுவும் பேர் தெரியாத ஆளின் பேய்க்கதை, வேண்டாம் என்றார்கள். அந்தச் சமயத்தில் டெர்லெத் வீடு கட்டிக்கொண்டிருந்தார், அதற்கு வங்கியில் கடன் வாங்கியிருந்தார். வீட்டுக் கடனை எடுத்துப் புத்தகத்தில் போட்டார். கையில் தாம்பூலத் தட்டோடு கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தவன் கவிதைப் புத்தகம் அடித்துக்கொண்டு போனதைப் போல. 1939இல் புத்தகம் வந்தது. பதிப்பகத்தின் பேர் 'ஆர்க்கம் ஹவுஸ்'. ஆர்க்கம் என்பது லவ்கிராஃப்ட் தன் கதைகளில் கற்பனையாகக் கட்டிய ஊர். இல்லாத ஊரின் பேரில், கட்டி முடியாத வீட்டின் காசில், ஒரு பதிப்பகம்!

கணக்கைக் கேளுங்கள். அச்சிட்டது 1268 பிரதி. விலை 5 டாலர். முன்பதிவு செய்தால் மூன்றரை டாலர். முன்பணம் அனுப்பியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? சுமார் 150. அவ்வளவுதான். மிச்சப் பிரதிகள் விற்றுத்தீர நான்கு ஆண்டுகள் ஆயின. இன்று அதே பிரதி பழம்புத்தகச் சந்தைக்கு வந்தால் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. அது பின்கதை. என் கண்ணுக்குத் தெரிவது அந்த 150 பேர். புத்தகம் இன்னும் புத்தகமாகவே ஆகவில்லை. எழுதியவர் செத்துப்போய்விட்டார். வெளியிடுகிறவர் முப்பது வயதுப் பையன். விலாசம் ஒரு கிராமத்து அஞ்சலகம். அதற்குக் காசு அனுப்பினார்கள் என்றால் எவ்வளவு பெரிய நம்பிக்கை!

தோழர்களே, இது முதல் தரம். பேய்க்கதைப் புத்தகத்துக்கு முன்பணம் கட்ட யாராவது இருக்கிறீர்களா?

பேசாமல் இருங்கள். சரி.

அந்த நம்பிக்கை என்ன பலன் தந்தது என்று பாருங்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்தச் சின்னப் பதிப்பகம் ராபர்ட் பிளாக்கின் முதல் தொகுப்பைப் போட்டது. பின்னால் 'சைக்கோ' எழுதினாரே, அவர். 1947இல் ரே பிராட்பரியின் முதல் புத்தகத்தையும் போட்டது. லாபம் கொட்டியதா? இல்லை. டெர்லெத் தன் மற்ற நாவல்களில் சம்பாதித்ததை இதில் கொட்டிக்கொண்டே இருந்தார். நாற்பதுகளின் கடைசியில் கடன் கழுத்தை நெரித்தபோது டேவிட் கெல்லர் என்ற மருத்துவர் பணம் தந்து தூக்கிவிட்டார். அவரும் பேய்க்கதை எழுதியவர்தான். கிறுக்குக்குக் கிறுக்கு துணை!

இன்னொன்று சொல்கிறேன், பிள்ளைகள் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தில் ராம்சே கேம்ப்பெல் என்று ஒரு பள்ளிக்கூடப் பையன். லவ்கிராஃப்டைப் படித்த மயக்கத்தில், தான் பார்த்தே இராத அமெரிக்க ஊர்களில் நடப்பதாகக் கதை எழுதி டெர்லெத்துக்கு அனுப்பினான். டெர்லெத் சொன்ன முக்கியமான புத்திமதி: அந்த ஊரை விடு, உன் நாட்டிலேயே கதையை நடத்து. பையன் கதைகளை இங்கிலாந்துக்கு மாற்றி எழுதினான். 1964இல் அவனுடைய முதல் தொகுப்பு ஆர்க்கம் ஹவுஸில் வந்தபோது அவனுக்கு வயது 18. அங்கிருந்து தொடங்கியவர்தான் பிரிட்டனின் பெரிய திகில் எழுத்தாளர்களில் ஒருவராக நிற்கிறார்.

புரிகிறதா பிள்ளைகளே? பேய் உள்ளூர்ப் பேயாக இருந்தால்தான் பயமாக இருக்கும். பனிமூடிய கோட்டை வேண்டாம், நமக்கு ஊருணிக்கரை போதும். கண்மாய்க்குள் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசு போதும். நடுச்சாமத்தில் எங்கிருந்தோ வருகிற மல்லிகைப்பூ வாசம் போதும்.

பேய் நமக்குப் புதிதா? காரைக்கால் அம்மையார் தம்மையே 'பேய்' என்று சொல்லிக்கொண்டு பாடினார். சயங்கொண்டார் பரணியில் பட்டினி கிடந்த பேய்களுக்குப் போர்க்களத்தில் கூழ் காய்ச்சிக் கொடுத்தார். புதுமைப்பித்தன் 'காஞ்சனை' எழுதினார். இத்தனை பெரிய சொத்தை வைத்துக்கொண்டு, பேய் என்றால் சின்னப்பிள்ளை சமாசாரம் என்று நாமே ஒதுக்கிவைத்தோம். சென்னையில் பிளாஃப்ட் என்ற சிறு பதிப்பகம் இந்தியாவின் பேய் பிசாசுகளையெல்லாம் திரட்டி ஆங்கிலத்தில் ஒரு பெரிய புத்தகமே போட்டிருக்கிறது. நம் முனியைப் பற்றி ஆங்கிலத்தில் தேடிப் படிக்க வேண்டிய நிலைமை நமக்கு வரலாமா?

சரி, ஏன் சிறு பதிப்பகம்தான் இதைச் செய்ய வேண்டும்? ஜேன் ஆஸ்டின் ஒரு நாவலில், தோழி ஒருத்தி ஏழு பயங்கர நாவல்களின் பட்டியலைச் சொல்வாள். அந்தப் பேர்களெல்லாம் ஆஸ்டின் கேலிக்காகக் கட்டிவிட்டவை என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் தேடிப் பார்த்தால் ஏழும் உண்மையாகவே அச்சான புத்தகங்கள்! பேர் மட்டும் உலாவிக்கொண்டிருந்தது, உடம்பைக் காணோம். புத்தகத்தில் பேய் என்றால் அதுதான். நமக்குத் தெரியாததா? வளையாபதி, குண்டலகேசி என்று பேர் சொல்கிறோம், கையில் இருப்பது சில பாட்டுகள். அந்த ஏழு நாவல்களுக்கும் மறுபடி உடம்பு கொடுத்து விற்கிறது வேலன்கோர்ட் புக்ஸ் என்ற பதிப்பகம். 2005இல் இரண்டு பேர் தொடங்கியது. பெரிய நிறுவனம் பத்தாயிரம் பிரதி போகுமா என்று கேட்கும். சின்னப் பதிப்பகம் முந்நூறு போனால் போதும் என்று துணியும்.

முந்நூறு என்பது பேச்சுக்குச் சொன்ன எண் இல்லை. இங்கிலாந்தில் டார்டரஸ் பிரஸ் என்ற சிறு பதிப்பகம் 2014இல் ஆண்ட்ரூ மைக்கேல் ஹர்லியின் 'தி லோனி' என்ற முதல் நாவலை 300 பிரதிதான் அடித்தது. மறு ஆண்டு பெரிய பதிப்பகம் ஒன்று அதை எடுத்து வெளியிட்டது, 2015க்கான கோஸ்டா முதல் நாவல் பரிசு அதற்குக் கிடைத்தது. பரிசு வந்த பிறகு வாங்கியவர்கள் எவ்வளவோ பேர். பெரிய பதிப்பகம் வருவதற்கு முன்னால் வாங்கியவர்கள் அந்த 300 பேர். அவர்கள் இல்லாவிட்டால் மற்றவர்கள் எதை வாங்கியிருப்பார்கள்?

'சந்தா என்பது வெள்ளைக்காரன் வழக்கம், நமக்கு ஒத்துவருமா' என்று ஒருவர் கேட்டார். ஐயா, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887இல் எப்படி அச்சிட்டார்? புத்தகம் வருவதற்கு முன்பே அன்பர்களிடம் கையொப்பம் வாங்கினார். 'கையொப்பம்' என்றே அதற்குப் பேர். இத்தனை பிரதி எனக்கு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அந்தக் கையெழுத்துகளின் பலத்தில் ஏடு அச்சேறியது. முன்பதிவு என்று நாம் இன்றைக்குச் சொல்வதை நம் தாத்தாக்கள் கையொப்பம் என்று அழகாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். புத்தகத்தில் வாசகனும் கையெழுத்துப் போடுகிறான் என்று அர்த்தம்.

இது இரண்டாம் தரம். கையொப்பம் போட யாராவது இருக்கிறீர்களா?

பரவாயில்லை, அப்பத்தா உங்களை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறது.

இனி குறைகளையும் சொல்ல வேண்டும். நல்லதை மட்டும் சொல்லிக் காசு கேட்பவனை நம்பாதீர்கள். லவ்கிராஃப்ட் பெரிய கலைஞர், மனிதர்களை நிறம் பார்த்து வெறுத்தவரும்கூட. அந்த வெறுப்பு அவர் கதைகளுக்குள்ளும் கசிந்தது. உலகக் கனவுருப்புனைவு விருதுக்கு அவர் தலைச்சிலையைப் பல காலம் கொடுத்துவந்தார்கள், 2015இல் அதை நிறுத்தினார்கள். சரியான காரியம். டெர்லெத்தும் அப்பழுக்கற்றவர் இல்லை. ஆசான் விட்டுப்போன சில குறிப்புகளை வைத்துக்கொண்டு தானே கதை எழுதி, இருவர் பேரையும் போட்டு வெளியிட்டார். ஆர்க்கம் ஹவுஸ் 'விரைவில்' என்று அறிவித்த புத்தகங்களில் சில வருஷக்கணக்காக விரைவிலேயே இருந்தன. சில வரவே இல்லை. சந்தாக்காரனுக்கு அதைவிடப் பெரிய பேய் கிடையாது.

அதனால் நம் திட்டத்தில் மூன்று உறுதி. ஒன்று, கையெழுத்துப் பிரதி மேசைக்கு வந்து சேராத புத்தகத்தை அறிவிக்க மாட்டோம். இரண்டு, சொன்ன மாதத்தில் புத்தகம் வராவிட்டால், கேட்டவர்களுக்குக் கேட்ட அன்றே பணம் திரும்பும். மூன்று, எழுதியவர் எழுத்தில் எவனும் கை வைக்க மாட்டான். கணக்கு நோட்டு இதே நூலகத்தில் இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம்.

வரப்போகும் புத்தகங்கள் நான்கு. முதலாவது, பழைய பத்திரிகைகளில் புதைந்து கிடக்கும் தமிழ்ப் பேய்க்கதைகளின் தொகுப்பு. இரண்டாவது, நம் வட்டாரத்துக் கிழவிகளிடம் கேட்டு எழுதிய முனி, மோகினி, இசக்கிக் கதைகள், சொன்னவர் பேச்சு மாறாமல். மூன்றாவது, வெளிநாட்டுக் கதைகள், மூலமொழி தெரிந்தவர் மொழிபெயர்ப்பில். நான்காவது முழுக்கப் புதியவர்களுக்கு, முன்வரிசைப் பிள்ளைகளே, உங்களுக்கு. ஒவ்வொரு புத்தகமும் வந்த மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, விளக்கை அணைத்துவிட்டு இதே கூடத்தில் ஒரு கதை வாசிப்போம். மின்வாரியம் ஒத்துழைத்தால் அணைக்கவும் வேண்டியிருக்காது.

சந்தா, மாதம் நூறு. ஆண்டுக்கு ஆயிரத்து இருநூறு. ஒரு புத்தகம் முந்நூறு ரூபாய், தபால் செலவு எங்களுடையது. சந்தாவின் சூட்சுமம் இதுதான்: அச்சகத்தில் எத்தனை பிரதி என்று கேட்டால், எத்தனை என்று சொல்ல முடியும். கடைக்காரருக்குக் கழிவு கிடையாது, நூலக ஆணைக்குக் காத்திருப்பு கிடையாது, வீட்டுப் பரணில் கட்டுக்கட்டாகப் புத்தகம் தூங்காது. எத்தனையோ நல்ல பதிப்பாளர்களின் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருப்பது பேய் இல்லை ஐயா, விற்காத பிரதி! எங்களுக்கு வேண்டியது 150 பேர். சாக் சிட்டிக்காரருக்குக் கிடைத்த அதே 150. அவர் காசு கேட்டது கண்டம் முழுக்க முகம் தெரியாதவர்களிடம். நான் கேட்பது தினம் டீக்கடையில் பார்க்கிற உங்களிடம்.

கூடத்து வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். மேலே 'கையொப்பம்' என்று எழுதியிருக்கிறது. முதல் வரியில் என் பேர் இருக்கிறது. அடுத்த வரி காலியாக இருக்கிறது.

இது மூன்றாம் தரம். கூப்பிடுவது மனுஷன்தான். கதவைத் திறங்கள்.