வலப்புறச் சாலைகளில்

கோபன்ஹேகனில் தொடங்கி வில்னியசில் முடிந்த ஒரு குடும்பப் பயணத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஆறு தலைநகரங்கள், ஒரு வாடகைக் கார், அதில் நானும் என் மனைவியும், பள்ளி இறுதி வகுப்பில் பயிலும் மகளும், எட்டு வயது மகனும். அரண்மனைகளையும் கோபுரங்களையும் வரிசையாகச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். அவற்றை நூல்களிலே படித்துக்கொள்ளலாம்.

கோபன்ஹேகனை விட்டுப் புறப்பட்டதுமே ஒரு விந்தை. கடலுக்கு அடியில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் சுரங்கத்தில் ஓடிய சாலை, மனிதர் கடலிலே உண்டாக்கிய ஒரு தீவில் மேலெழுந்து, பின்னர் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தின்மீது ஏறி, எங்களைச் சுவீடன் நாட்டில் கொண்டுபோய் விட்டது. 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வழி இது.

அங்கிருந்து ஸ்டாக்ஹோமுக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். வேத்தர்ன் என்னும் பேரேரி வெகுதூரம் எங்களோடு கூடவே வந்தது. ஏரியைக் கடந்து, பெட்ரோல் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அப்பொழுதுதான் அந்தப் பிழையைச் செய்தேன். இருபது ஆண்டுகளாக நம் நாட்டுச் சாலையில் இடப்புறமே ஓட்டிப் பழகிய கை, தானாகவே இடப்புறம் சென்றுவிட்டது. அந்நாட்டிலோ வலப்புறம் செல்வதே விதி. வளைவில் மரம் ஏற்றிய லாரி ஒன்று நேரே வந்தது. அதன் ஓட்டுநர் ஒதுங்கினார், நானும் ஒதுங்கினேன். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் காரை ஓரமாக நிறுத்திய பிறகும் என் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"நீ கவனிக்கவில்லையா, அம்மா?" என்று மகளைக் கேட்டேன்.

"கவனித்தேன், அப்பா. காலையில் நான் வழி சொன்னபோது, 'ஓட்டுகிறவனுக்குத் தெரியும், வாயை மூடு' என்றீர்களே!"

என்னிடம் மறுமொழி இல்லை. என் மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய கண்டனமாக இருந்தது.

சுவீடன் மக்களும் ஒரு காலத்தில் இடப்புறமே சென்றவர்கள்தாம். 1955-இல் மக்கள் கருத்தைக் கேட்டபோது, நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் மாற்றம் வேண்டா என்றே வாக்களித்தனர். ஆயினும் அண்டை நாடுகளெல்லாம் வலப்புறம் செல்வதைக் கருதி, 1967 செப்டம்பர் 3-ஆம் நாள், ஞாயிறு விடியற்காலை 5 மணிக்கு, நாடு முழுவதும் பக்கம் மாறியது. சாலையிலிருந்த வண்டிகளெல்லாம் சற்று முன்னதாகவே நின்று, வலப்புறம் ஒதுங்கி, மணி ஐந்தானதும் புறப்பட்டனவாம். ஒரு நாடு மாற்றிக்கொண்ட பழக்கத்தை என் இரண்டு கைகள் மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் ஸ்டாக்ஹோமில் வாசா என்னும் போர்க்கப்பலைக் கண்டோம். 1628 ஆகஸ்டு 10-ஆம் நாள் முதன்முதலாகப் பாய் விரித்த அக்கப்பல், 1,300 மீட்டர் தொலைவுகூடப் போவதற்குள் காற்றில் சாய்ந்து துறைமுகத்திலேயே மூழ்கிற்று. ஏறத்தாழ முப்பது பேர் மாண்டனர். 1961-இல் அதனை மேலே தூக்கினார்கள். உப்புக் குறைந்த பால்டிக் கடலில் மரத்தை அரிக்கும் கப்பற்புழு வாழாமையால், 333 ஆண்டுகளுக்குப் பின்னும் மரம் உளுக்கவில்லை.

புறப்படுவதற்கு முன்பே ஒரு சோதனை நடந்தது. முப்பது மாலுமிகள் மேல்தளத்தில் இப்பக்கமும் அப்பக்கமுமாக ஓடினார்கள். மூன்று முறை ஓடுவதற்குள் கப்பல் அபாயமாக ஆடவே, கடற்படைத் தலைவர் சோதனையை நிறுத்திவிட்டார். பயணத்தை மட்டும் நிறுத்தவில்லை. மன்னர் கப்பலை விரைவில் எதிர்பார்த்திருந்தார். பின்னர் விசாரணை நடந்தது, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. விளக்கப் பலகையில் இதைப் படித்த என் மகள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கப்பலின் சிற்ப வேலைப்பாடுகளைக் கவனிப்பவன்போல் நின்றேன். அன்று மாலை அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தேசப்படத்தையும் கொடுத்து, முன் இருக்கையில் அமர்த்தினேன்.

காரோடு கப்பலேறி ஹெல்சிங்கி சேர்ந்தோம். பாறையைக் குடைந்து 1969-இல் கட்டிய தேவாலயத்தில் ஒரு மணி நேரம் அமைதியாக அமர்ந்திருந்தோம். அங்கிருந்து டாலின் நகருக்கு இரண்டு மணி நேரக் கடற்பயணமே.

டாலினிலிருந்து ரீகா வழியாக வில்னியஸ் வரை, 1989 ஆகஸ்டு 23-ஆம் நாள், ஏறத்தாழ 20 லட்சம் மக்கள் கைகோத்து நின்றார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதே நாளில் ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் நாடும் செய்துகொண்ட உடன்படிக்கையின் இரகசியப் பகுதியே தங்கள் விடுதலையைப் பறித்தது என்று உலகறியச் சொல்லவே அப்படி நின்றார்கள். 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மனிதச் சங்கிலி! 1991-க்குள் மூன்று நாடுகளும் மீண்டும் விடுதலை பெற்றன. வெறிச்சோடிய வயல்வெளிகளைக் கடக்கும்போது, "இங்கேகூடவா நின்றார்கள்?" என்று மகன் கேட்டுக்கொண்டே வந்தான்.

வில்னியசின் பேராலயச் சதுக்கத்தில், அந்தச் சங்கிலியின் முனையைக் குறிக்கும் கல்லொன்று தரையில் பதிக்கப்பெற்றுள்ளது. அதன்மேல் நின்று மகன் மூன்று முறை சுழன்றான். அப்படிச் செய்து எதையேனும் வேண்டிக்கொள்வது அவ்வூர் வழக்கம். பிறகு காரில் ஏறினோம். சாலை முனையில் வண்டியை நிறுத்தி நான் காத்திருந்தேன்.

"வலப்புறம், அப்பா" என்றாள் மகள்.