பத்தாம் எண் சட்டை

1991, 1999 என்று இரண்டு முறை உலகக் கோப்பை வென்ற ஆஸ்திரேலிய ரக்பி அணி, 2023இல் பிரான்சில் முதல் சுற்றோடு வெளியேறியது. அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. அந்த அணியின் ரசிகன் நான். தோற்றதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், ஆளெடுத்த விதத்தை இன்றைக்கும் மனம் ஏற்கவில்லை.

ரக்பி பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தை நடத்துகிறவர் பத்தாம் எண் சட்டைக்காரர், ஃபிளை-ஹாஃப். பந்து கைக்கு வந்ததும் ஓடுவதா, உதைப்பதா, பக்கத்து ஆளிடம் தள்ளுவதா என்று, எதிராளி மேலே வந்து விழுவதற்குள் முடிவெடுக்க வேண்டும். அந்த நிதானம் ஆடி ஆடித்தான் வரும்.

அந்த இடத்துக்கென்றே பயிற்சியாளர் எடி ஜோன்ஸ் எடுத்தது 22 வயது கார்டர் கோர்டனை. அந்த ஆண்டு ஜூலையில்தான் அவருக்கு முதல் டெஸ்ட், அதாவது முதல் சர்வதேச ஆட்டம். மாற்றாக இருந்த பென் டொனால்ட்சனும் புதியவரே. உலகக் கோப்பைகளைப் பார்த்த குவேட் கூப்பருக்கும் பெர்னார்ட் ஃபோலிக்கும் இடமில்லை. 125 டெஸ்ட் ஆடிய மைக்கேல் ஹூப்பரும் இல்லை. அவருக்குக் கெண்டைக்காலில் காயம் இருந்தது உண்மை. ஆனால் இம்மூவரும் அணிக்கு ஏற்ற முன்மாதிரிகள் அல்லர் என்று ஜோன்ஸ் பிறகு சொன்னாரே, அதுதான் என்னைச் சுட்டது. கோர்டன் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. புதுக் கன்றை ஏருக்குப் பழக்குகிறவர் பக்கத்தில் பழகிய மாட்டைத்தானே பூட்டுவார்?

செயின்ட் எட்டியனில் ஃபிஜியுடன் ஆட்டம். அதற்குள் தலைவர் வில் ஸ்கெல்டனும், இரு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரமின் தூணான டனியெலா டுப்போவும் காயத்தில். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ஃபிஜி உதைத்த பந்து ஒன்று தரையில் விழுந்து துள்ளுகிறது. நம்மவர்கள் யாரும் பிடிக்கவில்லை. ஜொசுவா டுய்சோவா அள்ளிக்கொண்டு ஓடி, கோட்டைத் தாண்டித் தரையில் பந்தை ஊன்றி ட்ரை வைத்துவிட்டார். ஃபிஜியின் புள்ளிகளில் 15, நாம் செய்த தவறுகளுக்குக் கிடைத்த பெனால்ட்டி உதைகளில் வந்தவை! ஸ்கோர் 22-15. 1954க்குப் பிறகு ஃபிஜியிடம் முதல் தோல்வி. உழைத்து வென்றார்கள், வாழ்த்துகிறேன். இரண்டாம் பாதியில் கோர்டனை வெளியே அழைத்தபோது, அனுபவமுள்ள ஒரு பத்தாம் எண்காரர்கூட பெஞ்சில் இல்லை.

ஒரு வாரம் கழித்து லியோனில் வேல்ஸ் 40, ஆஸ்திரேலியா 6. ஒரு ட்ரைகூட இல்லை. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்த ஜோன்ஸ், அக்டோபர் முடிவதற்குள் விலகினார். ஆண்டு முடிவதற்குள் ஜப்பான் அணிக்குப் பயிற்சியாளர் ஆகிவிட்டார்.

2027 உலகக் கோப்பை ஆஸ்திரேலிய மண்ணிலேயே நடக்கிறது. இளைஞர்களைத் தாராளமாக எடுங்கள். பத்தாம் எண்ணுக்கு மட்டும், ஆட்டம் கைநழுவும் நேரத்தில் இறக்கிவிட, அடிபட்டுத் தேறிய ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள். தேர்வாளர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.