வெண்கலத்துக்கும் வைத்தியம் உண்டு

அருங்காட்சியகப் பொருள்களைப் பாதுகாப்பது தனிப் படிப்பு. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் 1952-இல் அருங்காட்சியகவியல் துறையைத் தொடங்கியது. வரலாறு படித்தவர்களுக்கு மட்டுமே உரிய துறை இது என்ற எண்ணம் தவறு. பாதுகாப்புப் பிரிவுக்கு வேதியியல் பட்டதாரிகள் மிகவும் தேவை.

காரணத்தைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். 1851-இல் தோன்றிய அந்த நிறுவனத்தில், 1930-இல் எஸ். பரமசிவன் பொறுப்பில் வேதியியல் ஆய்வகம் அமைந்தது. மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்த வெண்கலச் சிலைகளில் குளோரைடு உப்பு ஊறியிருக்கும். வெளியே எடுத்தபின் ஈரக்காற்று பட்டால் வெளிர்பச்சைத் தூள் பூக்கும், உலோகம் அரிக்கும். மேலே துடைத்தால் தீராது. சிலையை எதிர்மின்வாயாக வைத்துக் காரக் கரைசலில் மெல்லிய மின்சாரம் செலுத்தினால் உப்பு வெளியேறும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, நன்கு உலர்த்த வேண்டும். அவசரக்காரருக்கு ஏற்ற வேலையல்ல.

ஓலைச்சுவடிக்கு முறை வேறு: தூசு தட்டி, எலுமிச்சம்புல் எண்ணெய் பூசுவார்கள். துணிக்கும் ஓவியத்துக்கும் வெளிச்சமே பகை.

இவற்றோடு ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டுப் பதிவேட்டில் ஏற்றுவதும் பாடம்தான். சலிப்பூட்டும் பகுதி, ஆனால் பதிவில்லாத சிலை களவு போனால், அது யாருடையது என்று நிறுவுவது கடினம்.

தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களில் காப்பாட்சியர் பணியிடங்கள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாக நிரப்பப்படுகின்றன. விருப்பமுள்ளோர் அதன் அறிவிப்புகளைக் கவனித்து வரலாம்.