மலிவுக் கருவிகளும் பம்பு செட்டுப் பழுதும்



பம்பு செட்டின் சிறு பழுதுகளைத் தாமே நீக்கிக்கொள்ளும் விவசாயிகளைக் கிராமங்களில் காண்கிறோம், மகிழ்கிறோம். அவர்கள் வாங்கும் மலிவான கருவிப் பெட்டியைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறோம்.

பெட்டியில் 40 கருவிகள் இருக்கும், பயன்படுபவை நான்கைந்துதாம். 8 மி.மீ. போல்ட்டுக்கு 13, 16 மி.மீ. போல்ட்டுக்கு 24 அளவுள்ள ஸ்பேனர் வேண்டும். தங்கள் இயந்திரத்தின் நட்டுகளை அளந்து, அவற்றுக்குரியதை மட்டும் தனியே வாங்குதல் நன்று. சுத்தியலும் புனலும் மலிவாயினும் கேடில்லை. ஸ்பேனர் அப்படியன்று. பதமேறாத இரும்பாயின் அதன் வாய் விரியும்; நட்டின் முனைகள் மழுங்கும்; பின்னர் உளியால் வெட்டியே எடுக்க நேரும். கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் இரண்டு நாள் நீர் நின்றால் என்னாகும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அரத்தால் ஓரத்தில் இலேசாக இழுத்துப் பாருங்கள் (கடைக்காரர் முகம் சுளிக்கக்கூடும்!). அரம் எளிதில் கடித்தால் அது வேண்டாம். துருவேறிய நட்டுக்கு, இரு பக்கம் மட்டும் பிடிக்கும் திறந்த வாய் ஸ்பேனரைவிட, ஆறு முனைகளையும் பற்றும் ரிங் ஸ்பேனரே ஏற்றது.

மலிவான டெஸ்டரிடத்தில் நமக்கு அச்சமே உண்டு. அதன் விளக்கு எரியாததால் மின்சாரம் இல்லையென்று ஆகிவிடாது. மெயின் சுவிட்சை அணைத்து, மூன்று ஃபியூஸ்களையும் கழற்றித் தங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பின்னரே மோட்டாரில் கை வைக்க வேண்டும்.